பரிசலைப் பேணுவோம், பயமின்றி ஆறு கடப்போம்

(ஆற்றங்கரை உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவர் நெல்லைப் பற்றியும் நிலக்கடலையைப் பற்றியும் பேசாமல் பரிசலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வீடு ஒரு கரையிலும் வயல் மறு கரையிலுமாக வாழ்கின்ற உழவர்களுக்குக் கலப்பை எப்படியோ, பரிசலும் அப்படியே. விதை போவதும் உரம் போவதும் அதிலேதான். விளைந்த பொருள் சந்தைக்கு வருவதும் அதிலேதான். 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு காவிரி நீர் பரந்து நிற்கும் கரையோர ஊர்களுக்கும், மாயாற்றங்கரை, பவானிசாகர் நீர்ப்பரப்பு ஆகிய பகுதிகளுக்கும் இது புதிய செய்தி அன்று. மேலும், பரிசலின் உயிர் மூங்கில். மூங்கிலும் ஒரு பயிரே. ஆகவே இதைப் பற்றிப் பேச உழவியலாருக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

கலப்பை பழுதானால் ஒரு நாள் உழவு கெடும். பரிசல் பழுதானாலோ நடு ஆற்றில் உயிர் போகும். எனவே பரிசலைப் பேணும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூங்கில் தேர்வு

பரிசல் எத்தனை நாள் உழைக்கும் என்பது மூங்கிலை வெட்டும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மூன்று முதல் நான்கு வயதான கழியே பரிசலுக்கு ஏற்றது. இளங்கழி எளிதில் வளையும், ஆனால் காய்ந்ததும் சுருங்கும், பூச்சிக்கும் இரையாகும். மிக முதிர்ந்த கழி வளைக்கும்போதே ஒடியும்.

வயதை எப்படி அறிவது? முதலாண்டுக் கழியில் கணுக்களைச் சுற்றி உறை ஒட்டியிருக்கும். மேல்தோலில் வெண்மையான மாவு படிந்திருக்கும். வயது ஏற ஏற உறை உதிர்ந்து, பளிச்சென்ற பச்சை மங்கி, தோலில் சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் முற்றிய கழி கணீரென்று ஒலிக்கும். புதரில் குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டக்கூடாது. மழை ஓய்ந்து, புதுக்கழிகள் நிமிர்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது நலம். தரையை ஒட்டிய முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் புதரில் நீர் தேங்கி அழுகாது.

மூங்கிலின் உட்பகுதியில் மாவுச்சத்து உண்டு. இதைத் தின்னவே 'டைனோடெரஸ்' என்னும் சிறு வண்டு துளையிட்டு நுழைகிறது. அரிசியைவிடச் சிறியதான இந்த வண்டு தாக்கினால் குண்டூசித் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் தெரியும். இதைத் தடுக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வெட்டிய கழிகளை ஓடும் நீரில் கல் வைத்து அமிழ்த்தி மூன்று, நான்கு வாரங்கள் ஊறவிடுங்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் வண்டுக்கு வேலை இல்லை. பின்னர் நிழலில் சாய்த்து நிறுத்தி உலர்த்த வேண்டும்.

போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் மூங்கிலை நனைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூரைக்கும் கொட்டகைக்கும் அது மிக நல்லது. ஆனால் இந்த மருந்து நீரில் கரைந்து வெளியேறிவிடும் தன்மையுடையது. அடிக்கடி நனையும் பரிசலில் அதன் பலன் நிலைக்காது. வயலுக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்தை மூங்கில் மீது பூசும் பழக்கம் மட்டும் அறவே வேண்டாம். நீங்கள் வெறுங்காலுடன் அமரும் இடம் அது. கீழே ஓடுவதோ குடிநீர்.

கழியைப் பிளந்து பிளாச்சு எடுக்கும்போது உட்புறத்து மெத்தென்ற பகுதியைச் சீவி நீக்கிவிடுங்கள். வலுவெல்லாம் தோலை ஒட்டிய நெருக்கமான நாரிலேதான் இருக்கிறது. கணு மேடுகளையும் நன்றாக மழித்துவிட வேண்டும். மழிக்காத ஒவ்வொரு கணுவும் உறையைத் துளைக்கக் காத்திருக்கும் ஆணி என்று கருதுங்கள்.

உறையின் எதிரிகள்

முன்பெல்லாம் பரிசலுக்குத் தோல் உறை போட்டார்கள். இன்று பிளாஸ்டிக் சாக்கும் தாரும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. விலை குறைவு, எடை குறைவு, ஊறிப் போவதும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் சாக்குக்கு வெயில் பெரும் எதிரி. களத்தில் வெயிலில் கிடந்த உரச் சாக்கு சில மாதங்களில் கையால் தொட்டாலே நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பரிசலின் உறையும் அதே சாக்குதான். மேலே பூசியிருக்கும் தார், நீரைத் தடுப்பதோடு வெயிலையும் தடுக்கிறது. தார் உதிர்ந்த இடத்தில் சாக்கு வெளியே தெரிந்தால், பழுது அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது எதிரி கல். பரிசலைக் கரையில் இழுத்துச் செல்வது கூடாது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டும்; அல்லது வழக்கம்போல் ஒருவர் கவிழ்த்துத் தலையில் சுமக்கலாம். பத்து அடி தூரம் இழுத்தால் மிச்சமாகும் சிரமத்தைவிட, அதனால் வரும் ஒட்டு வேலை பெரிது.

மூன்றாவது எதிரி ஈரம். வேலை முடிந்ததும் உள்ளே தேங்கிய நீரையும் மண்ணையும் கொட்டிவிட்டு, மர நிழலிலோ கொட்டகையிலோ கவிழ்த்து வைக்க வேண்டும். தரையில் நேராகக் கவிழ்க்காமல் மூன்று கற்களின் மேல் வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். கரையானும் விளிம்பில் ஏறாது. சிந்திய உரத்தை உடனே கழுவிவிடுங்கள். உரம் காற்றின் ஈரத்தை இழுத்து மூங்கிலை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

எளிய வழிகள் இரண்டு. நல்ல வெயில் நேரத்தில் பரிசலைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, உள்ளிருந்து பாருங்கள். துளை இருக்கும் இடத்தில் வெளிச்சம் நட்சத்திரம்போல் தெரியும். துணைக்கு நிற்பவர் வெளிப்புறத்தில் சுண்ணாம்பால் குறியிடட்டும். மற்றொன்று, பரிசலைக் கற்களின் மேல் நிமிர்த்தி வைத்து இரண்டு குடம் நீர் ஊற்றுவது. கசியும் இடம் அடியில் தெரியும். வெளிச்சம் காட்டாத மயிரிழை வெடிப்பையும் நீர் காட்டிவிடும்.

ஒட்டுப் போடும் முறை

1. பழுதான இடத்தை ஒரு நாள் முழுதும் உலரவிடுங்கள். தளர்ந்த பழைய தாரைச் சுரண்டி எடுங்கள். தூசியும் பாசியும் இருந்தால் புதுத் தார் பிடிக்காது.

2. துளையைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை கூடுதலாக இருக்கும்படி சாக்குத் துண்டை வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுவது முக்கியம். சதுர மூலை நீரோட்டத்தில் முதலில் உரியும்.

3. தாரை உருக்கி, தாளும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு ஏறத்தாழ 160 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். கொதிக்கும் தாரை ஊற்றினால் ஓட்டை பெரிதாகுமே தவிர அடையாது. வேண்டாத சாக்குத் துண்டு ஒன்றில் சிறிது தாரைத் தடவிப் பாருங்கள். சாக்கு சுருங்கினால் இன்னும் ஆற வேண்டும் என்று பொருள்.

4. மெல்லிய பூச்சாகத் தாரைத் தடவி, துண்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மரக்கட்டையால் அழுத்துங்கள். காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி, ஒட்டாமலிருக்க மெல்லிய மணலோ சாம்பலோ தூவுங்கள்.

5. ஆறிய பிறகு மீண்டும் நீர் ஊற்றிச் சோதித்த பின்னரே ஆற்றில் இறக்குங்கள்.

தார் காய்ச்சும்போது எச்சரிக்கை தேவை. ஈரமான சட்டியில் தாரைப் போடாதீர்கள். நீர் ஆவியாகிப் பொங்கி, முகத்தில் தெறிக்கும். அடுப்பின் மேல் இருக்கும்போது மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. தார் தீப்பிடித்தால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடி, மணலைக் கொட்டுங்கள். கையில் தார் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த சுத்தமான நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும். அப்படியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

ஒடிந்த பிளாச்சு

ஒரு பிளாச்சு ஒடிந்தால் அதை உருவ வேண்டியதில்லை. நீரில் ஊறவைத்த புதுப் பிளாச்சு ஒன்றை அதன் அருகிலேயே, ஒடிந்த இடத்துக்கு இருபுறமும் மூன்று பின்னல் தாண்டிச் செல்லுமாறு செருகுங்கள். நைலான் கயிற்றால் கட்டுங்கள். இரும்புக் கம்பியால் கட்டினால் துருப்பிடித்து, முனை நீண்டு உறையைக் கிழிக்கும்.

ஆனால் எல்லாப் பரிசலையும் ஒட்டுப் போட்டே ஓட்டிவிட முடியாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று பிளாச்சுகள் ஒடிந்திருந்தாலோ, விளிம்பை இருபுறமும் அழுத்தி விட்டால் அது பழைய வட்டத்துக்குத் திரும்பாவிட்டாலோ, அழுத்தும்போது நொறுங்கும் ஓசை கேட்டாலோ அந்தக் கூடு ஓய்ந்துவிட்டது. அதற்குப் புது உறை போடுவது வீண் செலவு. அதைக் கோழிக்கூண்டுக்கு மூடியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பாரமும் பாதுகாப்பும்

ஆறு முதல் எட்டு அடி அகலமுள்ள பரிசல் எவ்வளவும் தாங்கும் என்ற எண்ணம் தவறு. இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. நான்கு மூட்டை ஏற்றினால் 180 கிலோ. அதாவது ஏறக்குறைய மூன்று ஆட்கள் ஏறியதற்குச் சமம். ஆகவே மூட்டையையும் ஆளாகவே எண்ணிக் கணக்கிடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே வெளிப்புறம் முழுவதும் வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பாரம் ஏற்றிய பின் நீர் அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. தொட்டால், இரண்டு நடையாகப் போவதே அறிவுடைமை. நனைந்த நெல்லும் நனைந்த சாக்கும் எடை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூட்டைகளை நடுவில் அடுக்குங்கள். ஆட்கள் எதிரெதிரே சுற்றி அமரட்டும். நடு ஆற்றில் எழுந்து நிற்பதும் இடம் மாறுவதும் கூடாது. பூச்சிமருந்தை மூடியுள்ள வாளியில் தனியே வைத்து, உணவுப் பொருளோடும் குழந்தைகளோடும் சேர்க்காமல் தனி நடையில் கொண்டு செல்லுங்கள்.

நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். கூடுதல் துணையாக, நன்றாக மூடிய 10 லிட்டர் காலி எண்ணெய்க் கேன்கள் இரண்டைக் கயிற்றில் கட்டி உள்ளே போட்டு வையுங்கள். கூடவே ஒரு மாற்றுத் துடுப்பு, நீர் இறைக்க ஒரு குவளை ஆகியவையும் இருக்கட்டும். நீர் கலங்கி, குப்பையும் நுரையும் மிதந்து வந்தால் மேலே வெள்ளம் வருகிறது என்று பொருள். அணை திறப்பு அறிவிப்பு வந்த நாளில் எவ்வளவு அவசர வேலையானாலும் பரிசல் கரையிலேயே இருக்கட்டும். களை ஒரு நாள் பொறுக்கும்.

ஆண்டுப் பணி

மார்கழி, தையில் மூங்கில் வெட்டுங்கள். மாசி, பங்குனியில் புதுக் கூடு பின்னுங்கள். வைகாசி, ஆனியில் ஆற்றில் புதுநீர் வருமுன் பரிசல் முழுவதையும் சோதித்து, ஒட்டுப் போட்டு, மறு தார் பூசி முடியுங்கள். வாரம் ஒருமுறை வெளிச்சச் சோதனை செய்யுங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும். கிணற்று மேட்டிலோ ஓடைக்கரையிலோ இரண்டு மூங்கில் புதர்களை வளர்த்தால் ஐந்தாம் ஆண்டு முதல் உங்கள் பரிசலுக்கு வேண்டிய கழி உங்கள் நிலத்திலேயே கிடைக்கும்; கரை அரிப்பும் குறையும்.

உழவர் பெருமக்களே! காலையில் பரிசல் ஏறிப் போகின்றவர் மாலையில் வீடு திரும்புவார் என்ற நம்பிக்கையில்தான் கரையில் குடும்பம் காத்திருக்கிறது. அந்த நம்பிக்கை ஒரு துண்டுச் சாக்கிலும், ஒரு கரண்டித் தாரிலும், கால் மணி நேரக் கவனத்திலும் அடங்கியிருக்கிறது. இன்று மாலையே உங்கள் பரிசலை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.