நினைவிழந்தாரைப் பேணுவோர்
(திரேஸ்புரத்தில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருந்து நான்கு கூறுடையது என வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. முதல் மூன்றைப்பற்றி நாம் நாடோறும் பேசுகின்றோம், நான்காமவனை மறந்துவிடுகின்றோம். இன்று அவனைக் குறித்தே சில சொல்ல விழைகின்றோம்.

முதுமையில் நினைவழிந்து, பெற்ற மக்களையும் அறியாதொழியும் நோயை நம்மவர் ‘வயதின் கோளாறு’ என்பர். சிலர் பித்தென்று மறைப்பர். இரண்டும் பிழை. இது மூளையின் நோய். 1906-ஆம் ஆண்டில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை முதன்முதல் விளக்கியமையால் அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதுவும் இதுபோன்றனவுமாகிய மறதிநோய்களால் வருந்துகின்றனர் என 2023-இல் வெளியான ஆராய்ச்சி கணித்துள்ளது. ஆகவே இது நாணி மறைத்தற்குரியதன்று.

எம் இல்லத்து நிகழ்ச்சியையே கூறுகின்றோம். எம் தந்தையார் சங்கு குளித்து எம்மைப் படிக்கவைத்தவர். மறைந்து இருபது ஆண்டுகளாயின. எம் அன்னையாரோ மாலைதோறும் வாயிலில் நின்று, “வள்ளம் கரை வந்திருச்சா, தம்பி?” என்று வினவத் தொடங்கினார். பிழை திருத்துவதே ஆசிரியர் தொழில் அன்றோ? “அப்பா இறந்து இருபது ஆண்டாயிற்று” என்று யாம் நாடோறும் திருத்தினோம். அவரோ ஒவ்வொரு நாளும் அதனைப் புதிதாய்க் கேட்டு, புதிதாய் அழுதார். ஒருநாள் எம் மனைவியார் குறுக்கிட்டு, “மாமி, மாமா கொண்டுவந்ததிலே பெரிய சங்கு எது?” என்றார். அன்னையார் முகம் மலர்ந்து, அரைமணி நேரம் பேசி, அமைதியாய் உண்டு உறங்கினார். இருபது ஆண்டு பாடஞ்சொல்லியும் யாம் அறியாத பாடத்தை அன்று கற்றோம்.

ஆயினும் அந்த அம்மையார் நிலை என்ன? இரவில் உறக்கமில்லை, பகலில் ஓய்வில்லை. ஓரிரவு அவர் அடுக்களையில் தனித்திருந்து விம்மக் கண்டோம். “மாமி போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நினைத்துவிட்டேனே, நான் பாவியோ?” என்றார். அன்பர்களே! அவர் பாவியல்லர், களைத்தவர். சினம் வருதலும், வெறுப்புத் தோன்றுதலும், உயிரோடிருப்பவரை இழந்துவிட்டோமென அழுதலும் இயற்கையே. அன்பின்மையின் அடையாளம் அவையல்ல. தாங்கும் எல்லை வந்தமையின் அடையாளமேயாம். அவ்வெல்லை வருமுன் உதவாதிருந்த குற்றம் எம்முடையது.

நம் கடற்கரையில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பை முதியோர் அறிவர். குளிப்பவன் கல்லின் பாரத்தால் ஆழம் புகுவான். மேலே ஒருவன் கயிற்றைப் பற்றியிருப்பான். மூச்சு முட்டுமுன் தூக்காவிடில் எத்துணை வல்லவனும் மாள்வான். நோயாளரைப் பேணுவோர் குளிப்பவரே. அவர் கயிற்றைப் பற்றியிருப்பவர் யார்? இதுவே எம் வினா.

பின்னர் யாம் செய்தன இவை. இரவுக் காவலை யாமும் தம்பியும் முறை வைத்துக்கொண்டோம். வெளியூரிலுள்ள தமக்கையார் திங்களுக்கு ஒரு வாரம் வந்து தங்கலானார். மனைவியார் நாடோறும் ஒரு மணி நேரம் தமக்கென வெளிச்செல்கின்றார். அன்னையார் வழிதவறினால் உதவுமாறு முகவரிச் சீட்டினை அவர் ஆடையில் தைத்துவைத்தோம்.

மறதி தோன்றியவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சீர்செய்யக் கூடும். அல்சைமர் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் துன்பத்தைத் தணிக்க வழியுண்டு. மனந்தளர்ந்தோர் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆறுதலும் அறிவுரையும் பெறலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் தவறாது கூடும் நம் சங்கத்தார், இத்தகைய இல்லங்களுக்கு வாரம் ஒரு மாலை ஒருவரேனும் சென்று நோயாளரோடு அமர்ந்திருப்பாராக. பணம் வேண்டா, இரண்டு மணி நேரம் போதும். கயிற்றைப் பற்றுங்கள், குளிப்பவர் மூச்சுவிடட்டும்.