சிரிப்பும் சிற்றூர் வாழ்வும்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சிரிப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மழை பொய்த்து, கடன் தவணை நெருங்கி நிற்கையில் சிரிப்பது எங்ஙனம் என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். நியாயமான கேள்வியே. சிரிப்பு கடனை அடைக்காது. காய்ந்த பயிருக்கு நீர் பாய்ச்சாது. அது செய்யும் வேலை வேறு.

நடவு வயலை நினைத்துப் பாருங்கள். சேற்றில் முதுகு வளைந்து நாற்று நடும் பெண்கள், வரப்பில் செல்லும் முறைக்காரரைக் கேலி பேசிக் கலகலவென நகைக்கின்றனர். அப்பொழுது இடுப்பு நோவு தெரிவதில்லை என்கின்றனர். இது வெறும் பேச்சன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ராபின் டன்பார் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் ஆற்றல் கூடுவதைக் கண்டனர். மூளையில் சுரக்கும் எண்டார்பின் என்னும் பொருளே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. தனித்திருக்கையில் சிரிப்பதைவிடக் கூடியிருக்கையில்தான் மனிதர் மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்பதும் அறிந்ததே.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனையே கேலி செய்வான். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில், தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி கற்று உயர்ந்த கதையைக் கிந்தனார் காலட்சேபமாகச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

ஆனால், நகை பிறக்கும் இடங்கள் நான்கினைக் கூறும் தொல்காப்பியம், எள்ளலையே முதலில் வைக்கிறது. கிராம சபையில் முதன்முறையாகப் பேச எழும் பெண் உறுப்பினரின் நாக்குச் சற்றுத் தடுமாறுகிறது, கூட்டம் நகைக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவர் வாய் திறப்பதில்லை. அவர் தெருவின் குடிநீர்க் குறையும் அத்தோடு அமுங்கிவிடுகிறது. வெட்கத்துடன் சொல்கிறேன்: அத்தகைய கூட்டமொன்றில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இன்னொன்று. எந்நாளும் வேடிக்கை பேசும் ஒருவர் திடீரெனத் திண்ணைக்கு வருவதை நிறுத்தி, ஊணும் உறக்கமும் குறைந்திருந்தால், ‘சிரி, சரியாகிவிடும்’ என்று அவரிடம் சொல்லாதீர்கள். அருகமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசின் மனநல ஆலோசனை, 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க ஒரு டப்பா வண்ணமே செலவு. கூட்டம் முடிந்ததும் அந்தச் சுவரை எனக்குக் காட்டுங்கள்.