கடலடியில் உயிர்காத்த சார்ள்ஸ் மொம்சன்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





நம் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகறிந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலே பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் இங்கே தங்கி, மலாக்கா நீரிணை வரை சென்று போரிட்டன. அவற்றுள் ‘ஸ்டோன்ஹெஞ்’ என்ற கப்பல் 1944 பெப்ரவரியில் இத்துறையை விட்டுப் புறப்பட்டது, திரும்பவேயில்லை. அதிலிருந்த ஒருவரும் மீளவில்லை.

இவ்வாறு கடலடியில் அகப்படும் மாலுமிகளை மீட்க வழியே இல்லையா? இல்லையென்றே ஒரு காலத்தில் உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை மாற்றியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்ள்ஸ் மொம்சன். அவர் வரலாற்றையே இன்று எடுத்துக்கொண்டேன்.

மொம்சன் 1896இல் நியூயோர்க் நகரிலே பிறந்தவர். இளம் வயதிலேயே நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவரானார். 1925 செப்டெம்பரில் ‘எஸ்-51’ என்ற நீர்மூழ்கி, நீராவிக் கப்பலொன்று மோதியதால் மூழ்கியது. தேடிச் சென்ற மொம்சன் கண்டது நீரின்மேல் மிதந்த எண்ணெயை மட்டுமே. கீழே தம் நண்பர்கள், மேலே தாம், இடையில் ஏறத்தாழ 130 அடி நீர். செய்வதற்கு யாதுமில்லை. அக்கப்பலில் 33 பேர் மாண்டனர்.

துயரம் நம் எல்லார்க்கும் வருவதே. அத்துயரத்தை மொம்சன் ஒரு வரைபடமாக்கினார் என்பதே சிறப்பு. மணிவடிவான இரும்பு அறையொன்றைக் கம்பிவடத்தால் இறக்கி, மூழ்கிய கப்பலின் மேல்வாசலில் பொருத்தவேண்டும். அறையின் அடியிலுள்ள நீரை வெளியேற்றினால், சுற்றியுள்ள கடலின் அழுத்தமே அறையைக் கப்பலோடு இறுக்கிவிடும். பின்னர் வாசலைத் திறந்து, உள்ளிருப்போரை நனையாமலே ஏற்றிவரலாம். இதுவே அவர் கருத்து. மேலிடத்துக்கு எழுதினார். காலம் கடந்தது, நடைமுறைக்கு ஒவ்வாது என்று அது தள்ளப்பட்டது.

1927 டிசம்பரில் ‘எஸ்-4’ மூழ்கியது. அதன் முன்னறையில் அறுவர் உயிரோடிருந்து, சுத்தியலால் கப்பற் சுவரைத் தட்டிச் செய்தி அனுப்பினர். நம்பிக்கை உண்டா என்று கேட்டனர். சூறாவளியால் அவர்களுக்கு உதவ இயலவில்லை. தட்டும் ஓசை மெல்ல மெல்ல நின்றது. கப்பலிலிருந்த 40 பேரும் இறந்தனர்.

அதன் பின்னரே மீட்புச் சாதனங்களை ஆராய வழி பிறந்தது. மொம்சனும் துணைவர் இருவரும் ஒரு சுவாசப் பையை ஆக்கினர். கழுத்திலே தொங்கும் அப்பையில் ஒட்சிசன் நிரப்பப்பட்டிருக்கும். விடும் மூச்சின் கரியமிலவாயுவைச் சோடாச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். அதை அணிந்து பலமுறை தம் உயிரையே பணயம் வைத்துச் சோதித்தவர் மொம்சன். ‘மொம்சன் நுரையீரல்’ என்று அது பெயர் பெற்றது. 1944 ஒக்டோபரில் ‘டாங்’ என்ற நீர்மூழ்கி 180 அடி ஆழத்தில் கிடந்தபோது சிலர் அதைக் கொண்டே உயிர் தப்பினர்.

மணியறையோ, அலன் மக்கான் என்ற அதிகாரியின் கையிலே திருத்தமுற்று, ‘மக்கான் அறை’ எனப் பெயர் கொண்டது. எண்ணியவர் ஒருவர்; பெயர் பெற்றவர் மற்றொருவர். ஆயினும் அந்த அறைக்குச் சோதனை நாள் வந்தபோது முன்னின்றவர் மொம்சனே.

1939 மே 23ஆம் திகதி, அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ‘ஸ்குவாலஸ்’ 240 அடி ஆழத்திலே அமிழ்ந்தது. காற்றுக் குழாயின் அடைப்பு மூடாதிருந்ததால் பின்னறைகளில் நீர் புகுந்து 26 பேர் இறந்தனர். 33 பேர் முன்பகுதியில் எஞ்சினர். மறுநாள் மணியறை இறங்கியது. முதல் முறை எழுவர், அடுத்து ஒன்பதின்மர், மீண்டும் ஒன்பதின்மர். நான்காம் முறை எண்மரோடு வருகையில் கம்பிவடம் சிக்கி, இழை இழையாய் அறத் தொடங்கியது. இயந்திரத்தை நம்பாது, மாலுமிகளைக் கொண்டு கையாலேயே மெல்ல மெல்ல இழுப்பித்தார் மொம்சன். நள்ளிரவு கடந்து அந்த எண்மரும் மேலே வந்தனர். முப்பத்து மூவரும் பிழைத்தனர்!

ஒன்பது நாள் கழித்து, ஜூன் 1ஆம் திகதி, இங்கிலாந்தின் லிவர்பூல் குடாவில் ‘தேற்றிஸ்’ மூழ்கியது. அதன் பின்புறம் நீர்மேலே தெரிந்துகொண்டிருந்தும் 99 பேர் இறந்தனர், தப்பியவர் நால்வரே. வீரம் அங்கும் குறைவில்லை. முன்கூட்டிய ஆயத்தம் எத்தகையது என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு உணர்க.

மொம்சன் அத்துடன் ஓயவில்லை. ஆழத்திலே காற்றின் நைதரசன் சுழியோடியின் அறிவை மயக்கும். ஆதலால் ஹீலியமும் ஒட்சிசனும் கலந்து சுவாசிக்கும் முறையை அவர் குழு ஆராய்ந்தது. அம்முறையாலேயே ஸ்குவாலஸ் கப்பலும் மேலே கொணரப்பட்டது. 1955இல் வைஸ் அட்மிரலாக ஓய்வு பெற்று, 1967இல் காலமானார். அவர் மூட்டிய விளக்கு இன்றும் அணையவில்லை. வங்கக் கடலுக்கு அப்பால் விசாகபட்டினத்தில் ஆழ்கடல் மீட்புக் கலமொன்று உண்டு. அதைச் சுமக்கும் ‘நிஸ்தார்’ கப்பல் 2025இல் சேவையில் இணைந்தது.

இளைஞர்களே! இது தூரதேசத்துக் கதையென்று எண்ணாதீர்கள். 2021 நவம்பரில் நமது கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளி சென்ற பிள்ளைகளையும் நாம் இழந்தோம். சங்கும் கடலட்டையும் தேடி மூழ்கும் நம் சகோதரர், விரைந்து மேலேறுவதன் கேட்டை அறியாமல் கைகால் முடங்குவதும் உண்டு. இங்கே நமக்கு வேண்டுவது இரும்பு மணியறை அன்று. நீந்தக் கற்றல், மிதவையங்கி அணிதல், முதலுதவி பயிலல், சுழியோடும் முறையைத் தெரிந்தோரிடம் கேட்டறிதல் என்பனவே. இவற்றைக் கற்பிக்கும் வகுப்பொன்றை இவ்வாண்டே நம் மன்றம் தொடங்கவேண்டும். பெரியோர் பொருளுதவட்டும், இளைஞர் உடலுழைக்கட்டும். கூக்குரல் கேட்ட பின்னர் கயிறு தேடும் ஊராக நாம் இருத்தல் ஆகாது.