ஆறடி மண்ணும் அதற்குப் போகும் வழியும்



நினைவுக் கூட்டங்களில் நிலையாமையைப் பேசுவது வழக்கம். சாவுக்கு முன்னால் எல்லோரும் சமம், கடைசியில் ஆறடி மண்தான் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆறடிக்குப் போகும் வழி யாருடையது என்று சொன்னவர்தான் இல்லை.

2016 ஜனவரியில், திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயது வாழ்ந்த ஒரு பெரியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் அனுமதித்த பிறகும் காவல்துறையே உடலைத் தூக்கிப்போய் வேறு வழியில் புதைத்தது. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கினார்கள் நம் மக்கள். இறுதிச்சடங்கு சமூகத்தை ஒன்றுசேர்க்கும் என்று சமூகவியலில் படித்திருக்கிறோம். எந்தச் சமூகத்தை என்று பாடப்புத்தகம் சொல்லவில்லை.

நல்வாழ்வு, அறம், சாவு பற்றிப் பேச நாம் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்குப் போவது இதனால்தான். கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவர் இவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்டார். அவர் சொல்லும் காரணம் தண்ணீர். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் தகராறு. சாக்கியர் சங்கம் போருக்குத் தீர்மானம் போடுகிறது. சித்தார்த்தர் எதிர்க்கிறார், வாக்கெடுப்பில் தோற்கிறார். பெரும்பான்மை முடிவு என்பதற்காகப் பணியவும் இல்லை. உன் குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வோம், நிலத்தைப் பறிப்போம் என்கிறார்கள். குடும்பத்தைத் தண்டிக்காதீர்கள், நானே நாட்டை விட்டுப் போகிறேன் என்று கிளம்புகிறார்.

தண்ணீர், ஊர்விலக்கம், நிலம். 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர் எழுதிய புத்தர் இவர். ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

தனியாக இருக்கும் மனிதனுக்குத் தம்மம் தேவையில்லை, இருவர் சேர்ந்து வாழத் தொடங்கும்போதே அது தேவைப்படுகிறது என்கிறார் அம்பேத்கர். அப்படியானால் அறம் இருப்பது ஒருவரின் மனத்தூய்மையில் அல்ல. தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் சுடுகாட்டுப் பாதையிலும்தான்.

அன்பு பற்றி மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த ஒரு மாணவரை வெட்டிக் கொன்ற நாடு இது. அன்பு மட்டும் போதாது, மைத்ரி வேண்டும் என்கிறது அந்நூல். நண்பரிடம் மட்டுமல்ல, பகைவரிடமும் தோழமை. கடினமான இடம்தான், நமக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. வழியை மறிப்பவனுக்கு எதற்கு மைத்ரி என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் வழியை விட்டுக்கொடு என்று மைத்ரி சொல்வதாக நாம் படிக்கவில்லை. சித்தார்த்தர் கோலியரை வெறுக்கவில்லை, தன் கருத்தையும் விடவில்லை. பாதைக்காக வழக்குப் போடுவதும் மறியலில் உட்கார்வதும் அந்த மைத்ரிக்குள் அடங்கும் என்பதே நம் வாசிப்பு.

நோயால் நடக்கவே சிரமப்பட்ட காலத்தில் அம்பேத்கர் இதை எழுதி முடித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தீட்சை பெற்றார். பிறகு 53 நாள்தான் இருந்தார். நூல் 1957இல் வந்தது, அச்சில் அவர் பார்க்கவில்லை.

பெரியார்தாசன் செய்த தமிழாக்கம் நம் படிப்பகத்தில் இருக்கிறது. ரோகிணி ஆற்றுப் பகுதி தொடக்கத்திலேயே வரும். ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குவோம், வாருங்கள்.