ஏரி காத்தவரே பறவையும் காத்தனர்

(கீழ்பென்னாத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“ஆற்று வளமில்லாத நமக்கு ஏரிதான் சோறு. அந்த ஏரியை நாரைக்கும் கொக்குக்கும் விட்டுவிடச் சொல்கிறீர்களே, நாங்கள் எங்கே போவது?” என்று கேட்கும் உழவர் உண்டு. கேள்வியிலே குற்றமில்லை. விடையளிப்பது நம் கடமை. அந்த விடையை வேடந்தாங்கல் உழவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அளித்துவிட்டனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே, வெள்ளைச் சிப்பாய்கள் அவ்வூர் ஏரியிலே பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் விதியே என்று வீட்டிலே முடங்கினரா? இல்லை! செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் எழுதித் தந்தார். 1858-இல் அதைப் புதுப்பித்தும் பெற்றனர். ஏட்டிலே சரணாலயம் என்ற பெயர் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே, அவ்வூரே சரணாலயமாக நின்றது!

கருணை மட்டுமா காரணம்? கணக்கும் காரணம்! ஏரி நீரில் நிற்கும் மரங்களிலே பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரிலே கரைகிறது. தழைச்சத்து நிறைந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. விலை கொடுத்து வாங்கும் உரம் குறைகிறது. கூலி கேளாமல் எருவிடும் பறவையை எந்த உழவன் விரட்டுவான்?

நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து அற்றுப்போன கூழைக்கடா, அங்கே வீட்டுக் கொல்லை மரத்திலே குஞ்சு பொரிக்கிறது. எச்சம் கலந்த வண்டலை உழவர் வயலுக்கு எடுத்துச் செல்கின்றனர். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலோ, பறவை அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரிலே உருவான அவ்வுடன்படிக்கை, இயற்கை நீர்நிலையையும் மனிதன் வெட்டிய நீர்நிலையையும் ஈரநிலம் என்றே ஏற்கிறது. ஆனால் ஒன்றிய அரசு 2017-இல் வகுத்த ஈரநில விதிகளோ, பாசனத்திற்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறைக்கு வெளியே நிறுத்தின. நம் முன்னோர் கரை கட்டிய ஏரி ஈரநிலமன்றாம்! பறவைக்குத் தெரிந்தது, விதி எழுதியோருக்குத் தெரியாமற் போயிற்றே!

சரணாலயமும் தானே நிலைத்துவிடாது. வேடந்தாங்கலைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையிருந்த காப்பு எல்லையை மூன்றாகச் சுருக்க 2020-இல் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு எழுந்தது; முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. விழித்திருந்ததால் எல்லை பிழைத்தது!

நம் ஏரிகளுக்கு யார் விழித்திருப்பது? 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. மக்கள் பதிவேடு வேண்டும் என்கிறது. அந்தப் பதிவேட்டிலே நம் ஏரியை எழுதுவோம். வரும் பறவையை எழுதுவோம். பாசனம், வண்டல், மீன் ஆகியவற்றின்மேல் ஊராருக்குள்ள உரிமையையும் சேர்த்தே எழுதுவோம். சுற்றுப்புற ஊராட்சிகளின் கிராம சபைகளிலே தீர்மானம் நிறைவேற்றுவோம்.

உழவனை வெளியேற்றிவிட்டுப் பறவையைக் காப்பதாகச் சொல்லும் திட்டம் நமக்கு வேண்டாம். கரையும் மதகும் காப்பவன் வாழ்ந்தால், கூடும் குஞ்சும் வாழும். அன்னியன் ஆட்சியிலேயே ஓர் ஊர் கவுல் வாங்கிற்று. மக்களாட்சியிலே நாம் கேட்கத் தயங்கலாமா?