நின்றுபோன எண்

 

பழைய கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றர் பழுதடைவதுண்டு. பெரும்பாலும் உள்ளிருக்கும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் காலப்போக்கில் வெடித்துவிடும். அப்போது வேகமுள் அசைந்தாலும் எண்கள் மாத்திரம் நின்றுவிடும். பற்சக்கரத்தை மாற்றினால் அவை மீண்டும் நகரும். இத்திருத்தத்தில் தவறேதுமில்லை.

ஆனால், 142,000 கிலோமீற்றரில் நின்ற மீற்றர் ஈராண்டின் பின் திருத்தப்பட்டாலும் அவ்வெண்ணிலிருந்தே தொடரும். இடையில் ஓடிய தூரம் எங்கே? விற்பவர் மௌனம் சாதித்தால் அவ்வெண்ணே பொய்ச்சாட்சியாகிவிடும். டைமிங் பெல்ட்டை ஓடிய தூரம் பார்த்தே மாற்றுகிறோம். எண்ணை நம்பி வாங்கியவரின் பெல்ட் நடுவழியில் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும்.

சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். அந்த ஈரத்தை மக்கள் காண மேலே வைக்காததை அன்னார் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைந்தது குற்றமன்று, மறைத்ததே குற்றம். பற்சக்கரம் உடைந்ததும் அவ்வாறே.

எனவே சகோதரர்களே! மீற்றர் நின்ற காலத்தையும், திருத்திய திகதியையும், அன்றைய எண்ணையும் பற்றுச்சீட்டில் எழுதி வையுங்கள். விடுபட்ட தூரத்தை உத்தேசமாகக் கணித்து, விலை பேசுமுன்பே வாங்குபவரிடம் சொல்லுங்கள். விலை சற்றுக் குறையலாம். உழைப்பு ஹலாலாக இருக்கும். மீற்றர் நின்றபோதும் மலக்குகளின் ஏடு நிற்கவில்லை.

வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.