அவரே பேசட்டும்

பூந்தமல்லியை அடுத்து, திருவள்ளூர் மாவட்டத்தில் ஜமீன் கொரட்டூர் என்ற ஊர் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பர் நடுவில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் துவண்டுபோனார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போன தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நாட்டுக்குத் தெரியவந்தது. தரையில்தான் படுக்கை. ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை. சில கழிப்பறைகளில் தண்ணீரே கிடையாது. இவையெல்லாம் அந்தப் பெண்கள் செய்தியாளர்களிடம் சொன்னவை. அந்த மாதம் 29ஆம் தேதி, விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. போராட்டத்துக்குப் பின் மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது.

உலகமே கையில் வைத்துப் பேசும் கைபேசியைச் செய்பவர்கள் தங்கள் குறையைச் சொல்ல நெடுஞ்சாலைக்கு வர வேண்டியிருந்தது. அந்த ஆலையையும் விடுதியையும் பற்றி அறிக்கைகளும் தணிக்கைகளும் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் தண்ணீர் வராத கழிப்பறையைப் பற்றி, விடியற்காலையில் அதன் முன் வரிசையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பெண்களின் குரல் பலவாக ஒலிக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். மேடைக்கு அழகு சேர்ப்பதற்காக அல்ல. ஒவ்வொரு பெண்ணும் தன் இடத்திலிருந்து மட்டுமே தெரியும் ஓர் உண்மையைக் கொண்டுவருகிறார். அவர் பேசாவிட்டால் அந்த உண்மை நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "அன்று வாட்ஸ்அப்பில் பரவியது வதந்திதானே? தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று பொய்ச் செய்தி கிளம்பியதே, ஆளாளுக்குப் பேச விட்டால் இப்படித்தான் முடியும்" என்கிறார்கள். வதந்தி பரவியது உண்மை, யாரும் இறக்கவில்லை. ஆனால் அது எங்கே முளைத்தது என்று பார்க்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொறுப்பானவர்கள் உடனே பதில் சொல்லாத இடத்தில் முளைத்தது. அந்த அச்சத்தைத் தணிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ அழைப்பில் காட்டினார்கள். வதந்திக்கு மருந்தாக அவர்கள் தேடியதும் ஒரு பெண்ணின் சொந்தக் குரலைத்தான். பேச்சை அடைத்தால் வதந்தி வளரும். பேச வேண்டியவர் நேரடியாகப் பேசினால் அது நிற்க இடமில்லாமல் போகும்.

இன்னொரு மறுப்பு, நல்ல எண்ணம் கொண்டவர்களிடமிருந்தே வருகிறது. "பெண்கள் எல்லாருக்கும் பிரச்சினை ஒன்றுதான், சாதி, ஊர், மொழி என்று தனித்தனியாகப் பேசினால் ஒற்றுமை குலைந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமிர்தம் என்ற தலித் பெண்மணி அமர்ந்தார். 2020 சுதந்திர தினத்தன்று அந்த ஊர்ப் பள்ளியில் தேசியக் கொடியேற்றும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. பெண் என்ற ஒரே சொல்லுக்குள் அந்த அவமானம் அடங்காது. பெண்ணுக்கான சட்டம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. சாதி அவரைக் கொடிக்கயிற்றைத் தொட விடவில்லை. அவர் வாய் திறந்து சொன்னார். செய்தி பரவியது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். வேறுபாட்டைப் பேசியதால் எந்த ஒற்றுமையும் உடையவில்லை. பேசாமல் இருந்திருந்தால், பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்துவிட்டோம் என்ற மனநிறைவோடு நாம் அந்த அநீதியைத் தாண்டிப் போயிருப்போம்.

தமிழ் எழுத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் 1986இல் வந்த 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பும், 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலும் அதுவரை அச்சில் இடம் கிடைக்காத அனுபவங்களைக் கொண்டுவந்தன. அவற்றால் தமிழ் சிதறவில்லை, செழித்தது. இதே கும்மிடிப்பூண்டியைச் சுற்றி எத்தனை அனுபவங்கள் காத்திருக்கின்றன, பாருங்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழும் முகாம் இருக்கிறது. இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் மற்றவருக்காகப் பேசிவிட முடியாது.

"பேசினால் வேலை போகும், அவதூறு வரும்" என்ற அச்சம் மட்டும் எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களில் பலரைக் காவல்துறை பிடித்து வைத்ததும் நடந்ததுதான். ஆகவே துணிந்து பேசு என்று பெண்ணுக்குப் புத்தி சொல்வது போதாது. பேசுபவரைக் காப்பது கேட்பவர்களின் கடமை. வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு கட்டாயம். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெயரை மறைத்துச் சொன்னாலும் உண்மை உண்மைதான் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாமும் ஏற்க வேண்டும்.

நேயர்களே, நம் ஊர்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இதுவரை பேசாத ஒரு பெண்ணையாவது பேச அழையுங்கள். அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் அனுபவத்தைக் கைபேசியில் பிறருக்கு அனுப்பும் முன், அவர் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல் அனுப்புங்கள்.